ஆகாசம் வாங்கிப் போகாத உறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, என் மனைவி சொன்னது. அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பத்தொன்பது வருடமாக எடுக்கிறாள். இத்தனை வருடத்தில் வேலையிடத்துச் சமாச்சாரம் ஒன்றைக்கூட அவள் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நானோ பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருப்பவன். மருத்துவமனை என்றால் நாளைக்கு நாலு கதையாவது தேறுமே என்று எத்தனையோ சாயங்காலம் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

"இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன ஆச்சு?"

"போனாங்க."

பேட்டி அத்தோடு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, நான் கேட்காமலே ஒரு முழுச் சம்பவத்தைச் சொன்னாள். பூங்கா, கேமரா, பெஞ்ச், ஒரு மனிதர் என்று வரிசை மாறாமல் சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு உதவுமான்னு பாருங்க" என்று தலையணை உறையை உதறினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து மேசைக்கு ஓடினேன். [பாதித் துணியை நான்தான் மடித்திருக்க வேண்டும். அதைப் பற்றி அப்புறம் பேச்சு வாங்கினேன். கதைக்கு அது தேவையில்லை.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மறைப்பானேன், மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

முதலாவது: "ஒளி என்பது எதன்மேல் விழுகிறதோ அதை மட்டுமல்ல, எதன்மேல் விழ மறுக்கிறதோ அதையும்—"

இதைப் பாதியிலேயே விட்டேன். என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "இது யாரு பேசறது?" என்று கேட்டாள். யாரும் பேசவில்லை, அது நடை என்றேன். "ஓ" என்றாள். அவளுடைய "ஓ"வைத் தாங்கி நின்ற வாக்கியம் எதுவும் இதுவரை என்னிடம் இல்லை.

இரண்டாவது: "பூங்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மரத்துக்குப் பின்னால், பத்து வருடத்துக்கு முன் காணாமல்போன ஒருவன் நின்றிருந்தான்."

நன்றாக ஓடக்கூடிய தொடக்கம்தான். ஆனால் அப்படி ஒருவனும் நிற்கவில்லை. புகைப்படம் என்று எழுத ஆரம்பித்தாலே ஓரத்தில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தக் கை பரபரக்கிறது. இந்த வியாதி எனக்கு மட்டுமல்ல, எழுதுகிற எல்லோருக்கும் உண்டு என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

மூன்றாவது: "ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவின் பின்வாசலில் இருபத்திரண்டு பேர் கழுத்தில் கேமராவோடு நின்றிருந்தார்கள்."

இதில் அலங்காரம் இல்லை, ஆனால் நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவின் பின்வாசலில் இருபத்திரண்டு பேர் கழுத்தில் கேமராவோடு நின்றிருந்தார்கள். ஆறு வாரம் நடந்த புகைப்பட வகுப்பின் கடைசிப் பாடம் அது. படச் சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்று பழகுவதற்காக வந்திருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றாகச் சேர்ந்தன.

மாணவர்கள் என்றுதான் பெயர். ஒருத்தர்கூட நாற்பதுக்குக் கீழே இல்லை. சொல்லிக்கொடுப்பவர்தான் இருந்தவர்களிலேயே சின்னவர், இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். கல்யாண வீடுகளில் சிரிக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். மாஸ்டருக்கு ஒரு படத்தைப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது, ஆனால் ஒரு பெயரும் தங்காது. அதனால் முதல் வாரமே ஒவ்வொருவர் படத்திலும் இருந்த தப்பை எடுத்து அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார். எல்லோருடைய தலையையும் மேலே வெட்டிவிடும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்குத் தலைவெட்டி. முக்கால்வாசிப் படத்தை வானத்துக்கே கொடுத்துவிடும் சனிக்கிழமைக்காரர் ஒருவருக்கு ஆகாசம். எதை எடுத்தாலும் நட்டநடுவே கொண்டுபோய் நிறுத்துகிறவளுக்கு நடுமத்தி.

அந்த நடுமத்திதான் என் மனைவி. கதைக்குள் அவளை அப்படியே அழைக்கிறேன். "என் மனைவி" என்று எழுதினால், யாரோ எட்டிப் பார்ப்பதுபோலக் கூச்சமாக இருக்கிறது. [அவள் உண்மையிலேயே எட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

நடுமத்தி ஏன் இந்த வகுப்பில் சேர்ந்தாள் என்று நான் ஒருமுறை கேட்டதுண்டு. "தினமும் அறுபது படம் எடுக்கறேன். ஒண்ணுலகூட முகம் இல்ல" என்றாள். எனக்கு அது போதுமான காரணமாகப் பட்டது.

மாஸ்டர் முதலில் கேமராவைத் தொடவே விடவில்லை. ஆளுக்கொரு கறுப்பு அட்டை கொடுத்தார். நடுவில் செவ்வகமாக ஜன்னல் வெட்டி, குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று வெள்ளை நூல் கட்டியிருந்தது. மொத்தம் ஒன்பது கட்டம். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மரமோ மனிதரோ, நூலும் நூலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வந்து உட்கார்ந்தால் படம் மூச்சுவிடும் என்றார். இருபத்திரண்டு பேரும் முகத்துக்கு முன்னால் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் தடுமாறினார்கள். ஓட்டப் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நடுமத்தியின் அட்டையில் எல்லாமே நடுக்கட்டத்தில்தான் வந்து நின்றன. குப்பைத்தொட்டிகூட நடுக்கட்டத்தில்தான்.

"நடுமத்தி மேடம்," என்றார் மாஸ்டர், பின்னால் வந்து. "மரம் எங்கயும் ஓடிடாது. கொஞ்சம் ஓரமா நிக்க விடுங்க."

"ஓரமா நின்னா ஒரு பக்கம் வெட்டுப்பட்டுடுமே சார்."

"என்ன வெட்டுப்படும்?"

"நுரையீரல்" என்று சொல்லிவிட்டு, அவளே சிரித்துவிட்டாள். "பழக்கம் சார். ரெண்டு பக்கமும் சமமா வரலைன்னா டாக்டர் திருப்பி அனுப்பிடுவாங்க."

4

ஆகாசத்தை எப்படி எழுதுவது என்று நான் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கதையில் இப்படி ஓர் ஆள் வந்தால், அவர் கொஞ்சம் பாவமாக இருப்பது எழுதுகிறவனுக்கு வசதி. முதலில் அவரை மனைவியை இழந்தவராக்கினேன். மடிப்புக் கலைந்த சட்டை, தனியாக ஒரு பெஞ்ச், அவ்வப்போது இருமல்—

"அவருக்கு வீட்டுக்காரம்மா இருக்காங்க" என்றாள் என் மனைவி. "சட்டையும் தேய்ச்சுத்தான் போட்டிருந்தாரு. தலைவெட்டி சாருக்கு பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு தன்னோடதைக் கழட்டிக் குடுத்தாரு. சும்மா ஏதாவது ஜோக் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எனவே அவரை அழித்து மறுபடி எழுதினேன். ஐம்பத்தைந்து வயது, லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பி வடத்துக்கு கிரீஸ் போடுகிறவர், அதனால்தான் கேமரா கைக்கு வந்ததும் படத்தில் அத்தனை வானம். இதை எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"அவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லியே."

"தெரியும். மாத்தியிருக்கேன்."

"ஏன்?"

"அடையாளம் தெரியக் கூடாதுல்ல?"

அவள் காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அது சம்மதம் என்று அப்போது நினைத்தேன். [கதை எழுதுகிறவனின் அறிவு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதை ஒரு சான்றாக வைத்துக்கொள்ளலாம்.]

5

ஒன்பது மணிக்கு மாஸ்டர் எல்லோரையும் ஜோடி சேர்த்தார். சனிக்கிழமைக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக்காரர் ஒருவர். ஒருவரை ஒருவர் படம் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரே ஒரு படம்.

"ஆளை ஒரு பக்கத்துக் கோட்டுல நிறுத்துங்க. அவங்க எந்தப் பக்கம் பாக்கறாங்களோ, அந்தப் பக்கம் இடம் விடுங்க. மூக்குக்கு முன்னாலயே சட்டம் வந்து சுவர் மாதிரி இடிக்கக் கூடாது."

நடுமத்திக்கு வாய்த்தவர் ஆகாசம். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச். அவர் அதன் முன்னால் நின்று கையைக் கட்டினார், பிறகு பின்னால் கட்டினார், பிறகு தொங்கப் போட்டார்.

"எப்படி வேணா எடுங்க மேடம். பாதி வானம் வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

அவள் கேமராவுக்குள் பார்த்தாள். அவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே எடுத்திருப்பார்கள். மாஸ்டராக இருந்தால் அதற்காகவே எடுத்திருப்பார். நடுமத்தியால் முடியவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு அறுபது பேரின் தோளை நேராக்கிய கை அது. "ஒரு நிமிஷம்" என்று கேமராவைக் கழுத்தில் விட்டு, கிட்டப் போனாள். அவருடைய இரண்டு தோளையும் பிடித்து முன்பக்கமாக உருட்டினாள். இரண்டு விரலால் முகவாயை உயர்த்தினாள். அவரும் சொன்னபடி கேட்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நின்றார்.

அப்போதுதான் அவள் விரல், சட்டைத் துணிக்கு மேலாக, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, வலது காறையெலும்பில் ஒரு மேட்டைத் தொட்டது. என்றைக்கோ உடைந்து, சரியாகச் சேராமல் புடைத்துப்போன எலும்பு.

நடுமத்திக்கு நோயாளிகளின் முகம் நினைவில் நிற்பதில்லை. எலும்பு நிற்கும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. திரையில் இதே எலும்பு, இதே மேடு. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, இருக்கக் கூடாத ஒரு வெள்ளை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி சின்னதாக்கினாள். ஒன்றும் சொல்லாமல் டாக்டருக்கு அனுப்பினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இப்போது அவள் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். பத்தடிதான். கேமராவைத் தூக்கினாள். எங்கே இடம் விடுவது, எந்தக் கோடு, எல்லாம் மறந்துபோயிற்று. என்ன செய்வது என்று தெரியாமல் வாய் தன் பழக்கத்துக்குத் திறந்துகொண்டது.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

ஆகாசம் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் அழுத்தினாள்.

"விடலாம்."

அவர் மூச்சை விட்டார். சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"மேடம், அன்னைக்குக் கண்ணாடிக்குப் பின்னால நின்னது நீங்கதானா?"

"ஆமா."

"பாத்தீங்களா, குரலை வெச்சே புடிச்சுட்டேன். அன்னைக்கு மாஸ்க் போட்டிருந்தீங்க."

"ரிப்போர்ட் வாங்கிட்டீங்களா சார்?"

"எங்க வாங்கறது. இருமல் மறுநாளே போயிடுச்சு. வீட்ல தொல்லை பண்ணாங்களேன்னுதான் வந்தேன்."

"வாங்கிடுங்க."

"ஏன், அதுல ஏதாவது இருந்துச்சா?"

ஒரு நாளைக்கு இருபது பேராவது அவளிடம் கேட்கும் கேள்வி அது. அதற்கென்று அவளிடம் ஒரு முகம் உண்டு. சிரிப்பும் இருக்காது, கவலையும் இருக்காது. அந்த முகம் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

"டாக்டர்தான் சொல்வாங்க."

ஆகாசம் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தார். ஆறு வாரம் படம் எடுக்கக் கற்றவர் அல்லவா, வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்தார்.

"அப்ப ஒண்ணுமில்ல" என்றார். "ஏதாவது இருந்தா உங்க முகத்துலயே தெரிஞ்சிருக்கும். நான் முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன் மேடம். சரி, இப்ப என் முறை, நீங்க அப்படி நில்லுங்க."

அவள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் ஏதோ பேசிக்கொண்டே அவளைப் படம் எடுத்தார். அரை மணி நேரத்தில் மாஸ்டர் எல்லோருக்கும் நன்றி சொல்லி வகுப்பை முடித்துவைத்தார். ஆகாசம் வாசலிலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போனார். நல்ல சேதி கேட்டவரின் நடை அது. அந்தச் சேதியை அவளிடமிருந்துதான் வாங்கிக்கொண்டு போனார், அவள் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லாமலே.

6

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது இது. பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே வைக்கிறேன்.

அவள் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வந்தது. "ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் ஜடை விஷயத்தைச் சொன்னாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு பெண்ணுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாள். வலது மேல்பக்கத்தில் நீளமாக ஒரு வெள்ளை. அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக் கேட்டாள். இவளும் இளகிப்போய், "ஏதோ இருக்கற மாதிரி தெரியுது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டாள். பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு யார்தான் பயப்படாமல் இருப்பார்கள். அந்தக் குடும்பம் மொத்தமும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அது அந்தப் பெண்ணின் ஜடை என்றார். பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்ல இவள் மறந்திருக்கிறாள். கூந்தலின் நிழல் நுரையீரலில் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், இவளை வெறுமனே பார்த்துவிட்டுப் போனாராம்.

அன்றைக்குச் செய்துகொண்டதுதான் அந்த முகம். பதினேழு வருடமாக அது யாரையும் அழவைத்ததில்லை. ஆகாசத்தின் விஷயத்தில்தான் அது காலை வாரிவிட்டது.

7

சம்பவம் அங்கே நின்றுவிடுகிறது. கதை அங்கே நிற்க முடியாது என்பது என் கட்சி. மூன்று முடிவுகள் எழுதி, ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முடிவு ஒன்று. நடுமத்தி ஓடிப்போய் வாசலில் அவரை நிறுத்துகிறாள். "சார், நாளைக்கே வந்து வாங்கிடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்கிறாள். அவர் முகம் மாறுகிறது. பிறகு, "நல்லவேளை சொன்னீங்க" என்று கையெடுத்துக்—

"அப்படிச் சொல்லியிருந்தா நான் எதுக்கு இப்படி உக்காந்திருக்கேன்?" என்றாள். வாக்கியத்தைக்கூட முடிக்க விடவில்லை.

முடிவு இரண்டு. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கிறாள். இலைகளுக்கு நடுவே புகுந்த வெயில், ஆகாசத்தின் சட்டையில், வலது நெஞ்சில், சரியாக அந்த இடத்தில், ஒரு வெள்ளை வட்டமாக விழுந்திருக்கிறது. இதை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவள் படித்துவிட்டு, "அன்னைக்கு வெயிலே இல்ல. மேகமா இருந்துச்சு" என்று அடுத்த பீன்ஸை எடுத்தாள். எனக்குச் சிலிர்த்தது அதோடு அடங்கிவிட்டது.

முடிவு மூன்று. ஆகாசம் வீட்டில் தொல்லை தாங்காமல் ஒரு நாள் ரிப்போர்ட்டை வாங்கப் போகிறார். எப்போதோ வந்து தானாக ஆறிய பழைய தழும்பு, கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதற்கு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்படியும் இருக்கலாம்" என்றாள். "நிறைய பேருக்கு அப்படி இருந்திருக்கு. இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் படம் எடுக்கறவ, படிக்கறவ இல்ல. அவர் வந்தாத்தானே தெரியும்?"

"வரவே இல்லியா?"

"தினமும் காலைல கவுண்டர்ல எட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போறேன். பழுப்பு உறை. அப்படியே இருக்கு."

8

அதன் பிறகு அவள் சொன்னதை, துணி மடித்த அன்றைக்கே சொல்லியிருக்கிறாள், நான்தான் வாங்கவே இல்லை. காதில் கதை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் டாக்டர் "உடனே வரச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறார். கவுண்டரிலிருந்து மூன்று தடவை அழைத்தார்கள். மருத்துவமனையின் பழைய பதிவில் அவர் என்றைக்கோ கொடுத்த எண் இப்போது வேறு யாருடையதோ. அதே பதிவில் இருந்த விலாசத்துக்கு அனுப்பிய கடிதம், வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று திரும்பி வந்தது. மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டருக்கு ஆகாசம் தெரியும், ஆகாசத்தின் பெயரோ விலாசமோ தெரியாது. ஆறு வார வகுப்பும் முடிந்துவிட்டது, ஆகாசம் இனி அங்கே வரப்போவதில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஃபோனில் வைத்திருந்த குழுவிலும் அவர் இல்லை, "எனக்கு இந்தப் பட்டன் ஃபோனே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டாராம்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் கேமராவை எடுத்துக்கொண்டு அதே பூங்காவுக்குப் போனாள். அது எனக்குத் தெரியும். புகைப்படத்தில் இவ்வளவு ஆர்வம் வந்துவிட்டதே என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டது நான்தான். திரும்பி வந்து காட்டிய படங்களில் அந்தக் குழாய்ப்பக்கத்து பெஞ்ச் மட்டுமே இருந்தது. காலி பெஞ்ச், நடுவில் இல்லாமல் ஓரத்தில், எதிர்ப்பக்கம் நிறைய இடம் விட்டு. "நல்லா வந்திருக்கே, நடுமத்தி இல்லியே இது" என்று பாராட்டினேன். அவள் கேமராவை மூடிவைத்தாள். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"பூங்காவுல இருந்து வந்த அன்னைக்கே என்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்ட சொல்லி? நீங்க போய்த் தேடுவீங்களா?"

"இப்ப மட்டும் ஏன் சொன்னே?"

அவள் நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் தள்ளினாள். பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவள்போல, "அன்னைக்கு என்னை நிக்க வெச்சு எடுக்கும்போது கேட்டாரு, உங்க வீட்ல என்ன பண்றாங்கன்னு. கதை எழுதறாங்கன்னேன். பேரைக் கேட்டாரு. சொன்னேன்" என்றாள்.

"சரி."

"படிச்சிருக்காராம். உங்களுக்கு அடிக்கடி கதை போடற அந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்கறாராம். வாங்கினதும் கதைப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்புவாராம்."

எனக்கு ஒரு நிமிஷம் காது குளிர்ந்தது. "என்ன சொன்னாரு?"

"எல்லாம் நல்லாத்தான் போகுமாம். முடிவுலதான் சொதப்பிடுவீங்களாம்." அடுப்பைப் பற்றவைத்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் அதை மட்டும் சொல்லல."

நான் மேசைக்குத் திரும்பி வந்து, எழுதி வைத்திருந்த தாள்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். "உங்களுக்கு உதவுமான்னு பாருங்க" என்று தலையணை உறையை உதறியபடி அவள் சொன்னது, எனக்கு உதவுமா என்று பார்க்கச் சொன்னதல்ல. அவள் சொல்லக் கூடாது. அவளுடைய வேலை அப்படி. ஆனால் அவள் வீட்டில் வேறு ஒரு வேலை செய்கிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் எழுதும் பக்கத்தைத்தான் அந்த மனிதர் வாரா வாரம் முதலில் திருப்புகிறார். எழுதுங்கள் என்றுகூட அவள் என்னிடம் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அதுவும் சொன்னதாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

இப்படிச் செய்யலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சரியா தப்பா என்று நாலு பக்கம் எழுதி, அதையும் கிழித்துப் போட்டேன். யோசிக்கிற ஒவ்வொரு நாளும் அந்த உறைக்கு ஒரு நாள் கூடுகிறது.

9

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு இந்தக் கதையில் முடிவு கிடையாது. இது ஒரே ஒருவருக்காக எழுதியது. அவரை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அவர் லிஃப்ட் மெக்கானிக் இல்லை. மாஸ்டர் அவருக்கு வைத்த பெயர் ஆகாசம் இல்லை. உடைந்து சேர்ந்தது காறையெலும்பும் இல்லை. குழாய்க்குப் பக்கத்தில், மூச்சைப் பிடிக்கச் சொன்னதிலிருந்து, அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அதைப் பேசியவருக்குத் தெரியும்.

கடைசிப் பத்தியை இப்படி எழுதினேன்:

"சார், உங்களைத்தான். அன்றைக்கு நீங்கள் பார்த்த முகம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அது எதையும் சொல்லக் கூடாத முகம். அதைப் படித்ததில் நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள், அதற்காக அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தேடியிருக்கிறாள். உறையில் இருப்பது பழைய தழும்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் டாக்டர் உங்களை உடனே பார்க்க வேண்டும் என்கிறார். முடிவை நான் எழுதினால் சொதப்பிவிடுவேன், நீங்களே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். கவுண்டர் காலை எட்டு மணிக்குத் திறக்கும்."

தாளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டே, நின்றபடி முழுதும் படித்தாள். "ஓ" என்று சொல்லவில்லை. இது சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து, "எட்டு" என்பதை அடித்துவிட்டு மேலே "ஏழரை" என்று திருத்தினாள்.

திருப்பிக் கொடுக்கப் போனவள், மறுபடி வாங்கி, கீழே தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதினாள். அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

ரசீது தொலஞ்சு போயிருந்தாலும் பரவால்ல சார். பேரைச் சொன்னா போதும்.